ஒட்டு தெரியிற தட்டு

அந்த ஆறு தட்ட மட்டும் தொடாதீங்க பாய், அது என்னோடது. மீதி எல்லாம் உங்க வண்டிக்குத்தான். சாயங்காலத்துக்குள்ள இந்த ரூம் காலியாவணும். ஹால்ல டிவிக்கு மேல ஒரு பலக அடிச்சிக்கிறேன், ஆறு தட்டு நிக்கும், அந்த ஆறுதான் எனக்கு. எங்க வூட்டம்மா கறாரா சொல்லிட்டா.

ஆமா, எல்லாம் இங்கிலீஸ் பீங்கான்தான். வேலூர் பக்கம் பழைய பங்களா ஏதாச்சும் இடிக்கிறாங்கன்னா போதும், பட்டு யாவாரத்த அப்டியே போட்டுட்டு ஓடுவேன். இந்த வீரபாகுவுக்கு தட்டுப் பைத்தியம்னு சேவூரே சிரிக்குது, சிரிக்கட்டும்.

எப்டி பொறுக்குறதா? அத ஏன் கேக்குறீங்க. மொதல்ல நான் சேலக்காரன் கண்ணாலதான பாத்தேன். கரையில பூ ஒண்ணோட ஒண்ணு சேராம நின்னா எங்க தொழில்ல அது டேமேஜ், தறிக்காரர்கிட்டயே திருப்பிடுவோம். அதே மாதிரி ஓரத்துல ஒட்டு தெரியிற தட்டா பாத்துப் பாத்து கழிச்சி டீக்கட வேலுகிட்ட குடுத்துட்டேன். அவன் அதுல பஜ்ஜி வெச்சிகினு இருந்தான். பளபளன்னு கீறல் இல்லாம இருந்தத பூரா நான் பூட்டி வெச்சிகினேன். அப்பறம் உங்கள மாதிரி பழைய சாமான் யாவாரி ஒருத்தரு வந்து சிரிச்சாரு பாருங்க! அந்தக் காலத்துல படத்த காயிதத்துல அச்சடிச்சி, கையால வெட்டி தட்டு மேல ஒட்டுவாங்களாமே. ஒட்டு சேராம நின்னாதான் அசலாம். நான் பூட்டி வெச்சதுல பாதி நேத்து பண்ண சரக்கு. பேஜாரா போச்சு. வேலு கால்ல வுழாத கொறையா திருப்பி வாங்கினேன்.

இந்தப் பெரிய தட்டா? பாலம், மரம், படகு... அது ஏழாவது பாய். எடுத்துக்கோங்க. வலிக்கலன்னு சொன்னா பொய்யி. இன்னொரு பலகயா? சொவத்துல எடம் ஏது?

ரூமு எதுக்கா? எங்க பொண்ணு காவ்யா வருது. அது ரூம்தான் இது, கல்யாணம் ஆயி செய்யார் போனதும் நான் தட்ட அடுக்கிட்டேன். இல்லல்ல, ஆடிக்கு இல்ல. லீவுக்கும் இல்ல. மாப்ள கை நீட்டுறானாம். ஊரு என்னா சொல்லும்னு அது மறச்சிகினே இருந்திருக்குது. நேத்து போன்ல அழுதுச்சு, கெளம்பி வாம்மான்னுட்டேன். இனிமே இங்கதான்.

அது வந்து கதவத் தொறக்கும்போது கட்டிலு பழைய எடத்துலயே கெடக்கணும் பாய். நமக்காக அப்பா எடம் ஒழிச்சாருன்னு அதுக்குத் தோணவே கூடாது. கட்டிலோட அந்த மூலைய புடிங்க, ஜல்தி.