சமம் என்னும் இரு சிறு கோடுகள்

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே! கூட்டலைக் கூழாங்கல்லிலும் கழித்தலைக் கைவிரலிலும் காட்டித் தரும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியப் பெருமக்களே! பிள்ளையைத் தோளிலும் பிள்ளையின் பையைக் கையிலும் சுமந்து வந்திருக்கும் தந்தையரே! மடியில் ஒன்றும் முந்தானையை இழுப்பது ஒன்றுமாக அமர்ந்திருக்கும் தாய்மாரே! வழிகாட்டும் மூத்தோரே! முன்வரிசைத் தரையில் முழங்காலைச் சொறிந்துகொண்டிருக்கும் என் கணித மேதைகளே! அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

சிறுவர் கணக்குக் கண்காட்சிக்கு ஒரு வழக்கறிஞரை ஏன் அழைத்தார்கள் என்று சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான ஆட்சேபம். ஆதாரமில்லாமல் பேசிப் பழகாதவன் நான். ஆகவே நான் நேரில் கண்டதை மட்டும், அதுவும் சம்பந்தப்பட்ட நால்வரின் அனுமதியோடு, இந்த மேடையில் முன்வைக்கிறேன்.

கூட்டல் குறி கூட்டும். கழித்தல் குறி குறைக்கும். இரண்டு சிறு கோடுகளாகப் படுத்திருக்கிறதே சமக்குறி, அது என்ன செய்யும்? ‘விடையை எழுது’ என்று கட்டளையிடும் என்றுதான் குழந்தைகள் பலர் நினைக்கிறார்கள். குழந்தைகள் மட்டுமா நினைக்கிறார்கள்?

என் அலுவலகத்துக்கு அடுத்த கதவு ஒரு தையல் கடை. கடையை நடத்தும் அம்மாவுக்கு ஒரு மகன். கணவரை இழந்தவர். பள்ளி வேன் ஓட்டும் ஒருவருக்கு ஒரு மகள். அவர் மனைவியை இழந்தவர். இருவரும் மறுமணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் இருவரும் இரண்டாம் வகுப்பு. பெண்ணுக்கு வகுப்பில் வாலு என்று பெயர். பையனுக்கு அமுக்குணி. அவள் வாய் மூடாது. அவன் வாய் திறக்காது. வேன்காரரை அவன் எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை. கண்ணெதிரே வந்து நிற்பான், அவ்வளவுதான்.

வேன்காரருக்கு ஓர் அச்சம். ‘பெற்ற பிள்ளைக்கு ஒன்று, வந்த பிள்ளைக்கு ஒன்று’ என்று ஒருவர் வாயிலும் ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம். அதனால் எதை வாங்கினாலும் இரண்டு! ஒரே பை, ஒரே பென்சில் பெட்டி, ஒரே நிறக் குடை. காலணியும் அப்படித்தான். மகளின் காலுக்கு அளவெடுத்து, அதே அளவில் இரண்டு ஜோடி வாங்கினார். “சரியா இருக்கா?” என்று கேட்டார். பையன் தலையை ஆட்டிவிட்டான்.

ஒருநாள் மாலை. கட்சிக்காரர்களுக்காக நான் போட்டிருக்கும் பெஞ்சில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எட்டும் நான்கும் சேர்ந்தது, சமக்குறி, பிறகு ஒரு கட்டம், அதோடு ஐந்து. கட்டத்தில் என்ன வரும்?

ஏழா? முன்வரிசைத் தம்பி ஏழு என்கிறார். பொறுங்கள் தம்பி, உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய நேரம் வரும்!

வேன்காரர் எட்டிப் பார்த்தார். “இதுக்கா இவ்வளவு நேரம்? எட்டும் நாலும் பன்னெண்டு. பன்னெண்டுன்னு போடு.”

“ஐயோ அப்பா, நீங்களுமா? எங்க கிளாஸ்ல பாதிப் பேரு இப்படித்தான் எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. இருங்க, டீச்சர் காட்டின மாதிரியே காட்டுறேன்.”

வாலு தையல் கடைக்குள் ஓடினாள். துணி மாட்டும் ஹேங்கர் ஒன்றை எடுத்து ஆணியில் தொங்கவிட்டாள். அதன் இரு முனையிலும் காகிதப் பை கட்டினாள். கோட்டுக்குத் தைக்கும் கனத்த பொத்தான்களில் இந்தப் பக்கம் எட்டும் நான்கும் போட்டாள். அந்தப் பக்கம் ஐந்து.

“இப்ப உங்க பன்னெண்டை அதுல போடுங்க.”

போட்டார். அந்தப் பக்கம் தொப்பென்று இறங்கியது.

“பாத்தீங்களா? வேனைக் குப்புறக் கவுத்துட்டீங்க!”

தையல் கடைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அவர் அசடு வழிந்தபடி ஒவ்வொரு பொத்தானாக எடுத்தார். கட்டத்துக்குரியது ஏழானபோது ஹேங்கர் நேரே நின்றது. ஏழு! தம்பி, வழக்கு உங்கள் பக்கம். நீங்கள் கை தட்டிக்கொள்ளலாம்.

அதுவரை பேசாதிருந்த அமுக்குணி கேட்டான். “அப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேணாமா?”

“வேணாம்டா மக்கு. இங்க எட்டும் நாலும். அங்க ஏழும் அஞ்சும். வேற வேறதான். ஆனா சமம்.”

அவன் வெகுநேரம் அந்த ஹேங்கரையே பார்த்தான். பிறகு மெல்ல, மிக மெல்லக் கேட்டான்: “அப்ப நான் பெரிய ஷூ கேட்டா தப்பில்லையா?”

தையல் இயந்திரம் நின்றது. தாய் ஓடி வந்து காலணியைக் கழற்றினார். குதிகால் தோலுரிந்து சிவந்திருந்தது. விரல்கள் மடங்கியே இருந்தன.

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“நீதானேம்மா சொன்ன? இந்த வீட்ல அவளுக்கு வாங்குறதுக்கு மேல ஒண்ணுமே கேக்கக் கூடாதுன்னு.”

வேன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஒரே மாதிரி வாங்கினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நெனச்சேனே...”

வாலு குறுக்கிட்டாள். “எனக்கும் ஒரு கேஸ் இருக்கு. இவன் கதை வேணாம்னு சொன்னான்னு, அம்மா எனக்கும் கதை சொல்றதில்ல. இவனுக்கு ஷூ வாங்குங்க. எனக்கு ஷூ வேணாம், கதை வேணும்.”

“அடிப்பாவி, இதை இத்தனை நாள் மனசுல வச்சிருந்தியா?” என்று அந்தத் தாய் அவளை அள்ளி அணைத்துக்கொண்டார்.

ஆசிரியப் பெருமக்களே! இந்த இரு கோடுகளை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அவை நடுவில் நிற்கின்றன. இடமும் வலமும் பார்க்கச் சொல்கின்றன. இங்கே என்ன இருக்கிறது என்று கேள், அங்கே என்ன இருக்கிறது என்று கேள், பிறகு எடை போடு என்கின்றன. நீதிமன்றங்கள் தேடுவதும் இதைத்தானே? நல்ல குடும்பங்கள் நாடுவதும் இதைத்தானே? ஏழு வயதில் இதை எடைபோட்டு அறிந்த பிள்ளை, எழுபது வயதிலும் எவரையும் ஏமாற்றத் தயங்கும் என்று நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் சான்றில்லை. ஆகவே நம்புகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றே கடைக்குப் போனார்கள். வாலு என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“வாங்கண்ணே, வழக்கம்போல ரெண்டு ஜோடிதானே?” என்றார் கடைக்காரர்.

“இல்லப்பா. ஒண்ணே ஒண்ணு. இவனுக்கு.”

கடைக்காரர் ஒரு ஜோடியை மாட்டிவிட்டார். பையன் நின்றான், நடந்தான், காலணிக்குள் விரலை நீட்டி மடக்கிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சொன்னான்:

“அப்பா, இன்னும் ஒரு சைஸ் பெருசாவே எடுங்க. அடுத்த வருசமும் போட்டுக்குவேன்.”

வேன்காரர் கடைக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரிலிருந்த விலைப்பட்டியலை வெகுநேரம் படித்தார். அதில் அவர் என்ன படித்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

அன்போடு செவிமடுத்த சான்றோர்க்கும், அமைதி காத்த குழந்தைகளுக்கும், அமைதி காக்காத குழந்தைகளுக்கும் சமமாக நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.