மடைக்கு ஒன்று

எங்கள் அலுவலகத்தில் டீ நன்றாக இருக்கும் சார். ஆனால் குடித்த கிளாஸை ஒருத்தரும் எடுத்த இடத்தில் வைக்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுவதும் அப்படித்தான். ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதினால் அடுத்தவன் அதைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அதனால் நானே உட்கார்ந்து, எங்கே எத்தனை இடைவெளி, எங்கே கமா என்று எல்லோருக்கும் பொதுவாக விதிகள் எழுதிக் கொடுத்தேன்.

கிறிஸ்டி உவரிக்காரி, வேலைக்குப் புதுசு. கெட்டிக்காரிதான், வாய்தான் நீளம். விதிகளைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "புரோகிராம் ஓடுதா இல்லியான்னு பாருங்க அண்ணாச்சி. எடவெளிய எண்ணிக்கிட்டு இருக்கீய?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணிமுத்தாறு அணைக்குக் கீழே ஒரு தனியார் பண்ணையின் மடைக்கு மென்பொருள் செய்தோம். மடை திறக்குமுன் அபாயச் சங்கு ஊத வேண்டும். கால்வாயில் குளிப்பவர்கள் கரையேறிவிடுவார்கள். திறக்கிற பகுதி நான் எழுதியது, சங்கு கிறிஸ்டி எழுதியது. வயற்காட்டுப் பிள்ளையான எனக்கு மடை என்றால் தண்ணீர் வருகிற வழி. ஆகவே புரோகிராமில் மடைக்கு ஒன்று என்றால் திறப்பு, பூஜ்யம் என்றால் அடைப்பு. இது தெரியாதவர் உண்டா என்று விதியில் எழுதாமல் விட்டிருந்தேன். கடற்கரையில் வளர்ந்தவளுக்கு மடை என்றால் தண்ணீரைத் தடுக்கிற பலகை. ஒன்று என்றால் அடைப்பு என்று எழுதியிருந்தாள். தன் பகுதியைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள், ஓடியது.

அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. தலைகீழாக இருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்தது. அவளும் கேட்டாள்: "மடைக்கு ஒண்ணு, சரிதானே அண்ணாச்சி?"

"ஓடுதுல்லா? பொறவு என்ன?" என்று சொல்லி அனுமதித்தேன். அவள் சொன்னதைத்தான் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

தண்ணீர் வந்தபோது இசக்கித்தாய் என்ற பெண் கால்வாயில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அங்கே பெண்கள் இறங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சங்கை அங்கே வைக்கச் சொன்னதே நான்தான். அவள் உடலைத் தேடுவதற்காக மடையை அடைத்தார்கள். அப்போது சங்கு ஊதியது.

கிறிஸ்டி இப்போது ஊரில் யாரோடும் பேசாமல் கிடக்கிறாளாம். மற்றவர்கள் ஒரு கமா பிசகாமல் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். படிக்கவே நிறைவாக இருக்கிறது. மடைக்கு ஒன்று என்றால் திறப்பு என்பதையும் விதியில் சேர்த்துவிட்டேன்.

அந்த ஒரு வரியை முன்பே எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எழுதியிருந்தால் யார் சார் படித்திருப்பார்கள்?