பழைய மிஷினைப் பரணிலிருந்து எடுக்காதது பற்றி

பெயர் நஞ்சப்பன். தகப்பனார் பெயர் ஆறுமுகசாமி. வயது முப்பத்தெட்டு. தொழில், மர மில்லில் கட்டை சோதிப்பது. இருப்பு, பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை வழி செம்மண்பதி. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். 1977ஆம் வருடம் மார்ச் மாதம் 14ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்து சொல்வதாவது:

மார்ச் 5ஆம் தேதி இதே ஸ்டேஷனில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்.

குப்பண்ணன் முதலாளியின் மில்லில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்து மரங்களில் இரும்பு இல்லாத மரம் குறைவு. வேலிக் கம்பி, மாடு கட்டும் வளையம், பேய் ஓட்டி அடித்த ஆணி எல்லாம் நாளாவட்டத்தில் உள்ளே போய்விடும். ஓடுகிற ரம்பப் பிளேடு இரும்பில் பட்டால் அறுந்து வீசும். ஆகையால் ஒவ்வொரு கட்டையையும் மிஷின் வைத்துச் சோதித்து, இரும்பு இல்லையென்றால் வெட்டு முகத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போடுவேன். வட்டம் இல்லாத கட்டையை ரம்பத்தில் ஏற்ற மாட்டார்கள்.

மில்லில் இரண்டு மிஷின்கள் உண்டு. பழையது உலக யுத்தத்தில் பட்டாளத்தார் கண்ணிவெடி தேட வைத்திருந்தது, ஏலத்தில் வாங்கியது. பெட்டியைத் தோளில் மாட்டி, காதில் குழாய் வைத்து, சூடேறப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தட்டு முறம் அகலம். புதியது போன தை மாதம் வந்தது. டார்ச் லைட் மாதிரி கையில் அடங்கும். சுவிட்சைப் போட்டதும் வேலை செய்யும், இரும்பு இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். அது வந்த பிறகு முதலாளி பழையதைப் பரணில் ஏற்றிவிட்டார்.

இரண்டில் எது நல்லது என்று ஐயா கேட்டதற்குச் சொல்வது. மேலாக இருக்கிற சின்ன ஆணிக்குப் புதியதுதான் கெட்டி. பழையது குண்டூசியை விட்டுவிடும், ஆனால் பெரிய இரும்பு ஆழத்தில் இருந்தாலும் பிடிக்கும். வேண்டாததற்கெல்லாம் கத்தவும் செய்யும். ரம்பம் ஓட்டும் பொங்கியண்ணன் கிட்டே வந்தால் அவர் இடுப்பு வெள்ளி அரைஞாணுக்கு ஊளையிடும். “கெழவனுக்கு எங்கொடி மேல கண்ணு” என்று அந்தப் பழைய மிஷினைச் சொல்லிச் சிரிப்பார். தடித்த கட்டை வந்தால் அவரே பரணைக் காட்டி அதை இறக்கச் சொல்லுவார். புதியது வந்த பிறகும் இரண்டு தடவை இறக்கியிருக்கிறேன். முதலாளி தடுத்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் ரோட்டை அகலப்படுத்த நல்லமுத்துவின் தோட்டத்து ஓரப் புளியமரத்தை வெட்டினார்கள். “இந்த மரத்துல கை வெச்சவன் உருப்பட மாட்டான்” என்று அவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அதன் பிறகு கட்டைகளை எங்கள் முதலாளி ஏலத்தில் எடுத்தார். லாரியிலிருந்து உருட்டும்போதே அது எந்த மரம், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பதினாலு வருடத்துக்கு முன்பு என் தகப்பனார் ஆனைகட்டிப் பக்கமிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்து, அமாவாசை உச்சிப் பொழுதில் அந்த மரத்தில் ஒரு சாண் நீள ஆணி அடிக்க வைத்தார். ஆணியில் பேய் பிடித்த ஒரு பெண்ணின் உச்சி மயிரைச் சுற்றி, தலை முழுகும் வரை அடித்தார்கள். ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். நல்லமுத்து அன்று சந்தைக்குப் போயிருந்தார், அவருக்கு இது தெரியாது. இடத்தை வெளியே சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடும் என்று பூசாரி சொன்னதால் வீட்டுக்குள்கூட நாங்கள் அதைப் பேசியதில்லை.

மார்ச் 4ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய மிஷினை எடுத்து, ஆணி அடித்த அந்தக் கட்டையைச் சோதித்தேன். நாலு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் மூன்று தடவை வைத்தேன். விளக்கு எரிந்தால் மிஷின் காட்டியது என்று சொல்லி உளி வைத்து எடுத்துவிடலாம், என் வாயால் சொன்னதாக ஆகாது என்று இருந்தேன். விளக்கு எரியவில்லை. மயிரோடு ஆணி வெளியே வந்தால் ஊர் கேட்குமே என்ற பயமும் எனக்கு இருந்தது. அதனால் எரியவில்லை என்றதும் ஆறுதலாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் துருவாகிப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வட்டத்தைப் போட்டேன்.

அதன் பிறகு பொங்கியண்ணன் வந்து கட்டையைத் தட்டிப் பார்த்து, “ஏப்பா நஞ்சப்பா, தடியா இருக்குது. கெழவன எறக்கிப் பாத்தரலாமா?” என்று கேட்டார்.

“வேண்டாமுங்கண்ணா. சுத்தமாத்தான் இருக்குதுங்க” என்றேன்.

“நீ சொன்னா செரி” என்று ரம்பத்துக்குப் போனார்.

மூன்றாவது பலகை அறுக்கும்போது பிளேடு அறுந்து அவர் கழுத்துக்குக் கீழே அடித்தது. என் துண்டால் கட்டி, முதலாளியின் காரில் என் மடியில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். சித்தூர் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவருடைய அரைஞாணைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அதை அவர் சம்சாரம் கமலாத்தாளிடம் கொடுக்க என்னால் முடியவில்லை, அவர்கள் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கட்டையைப் பிளந்தபோது ஆணியும் மயிரும் அகப்பட்டன. நான் மிஷின் காட்டவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு நல்லமுத்து அன்று சத்தம் போட்டதை வைத்து, மரத்தை வெட்டுகிறவர்களைக் கெடுக்க அவர்தான் ஆணி அடித்தார் என்று பேச்சாகி, அவரைத் தினமும் வரவழைத்து விசாரிக்கிறார்கள் என்று அறிந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று கமலாத்தாளைப் பார்க்கப் போனேன். அவர்கள் என்னைக் கண்டதும் எழுந்து, “மிஷினு காட்டாததுக்கு நீ என்னப்பா பண்ணுவ? முகமே வாடிக் கெடக்குது. உக்காரு, ரெண்டு வாய் உண்டுட்டுப் போ” என்று இலை போட்டார்கள். சோற்றில் கை வைத்தேன். பிசைய முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிஷின்மேல் பழி போட எனக்கு வழியில்லை. அது எட்டியவரைக்கும் பார்த்தது. சுத்தம் என்று பொங்கியண்ணனிடம் சொன்னவன் நான். ஐந்து நிமிடத்தில் பரணில் ஏறிப் பழையதை இறக்கியிருந்தால் அவர் இன்று இருப்பார்.

அந்த மயிர் யாருடையது என்று ஐயா கேட்டார்கள். அதை மட்டும் எழுதாமல் விட முடியுமா என்று நான் கேட்டேன். அவள் புருஷன் வீட்டாருக்குத் தெரியாது, இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், தெரிந்தால் தள்ளி வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். பெயர் இல்லாமல் நல்லமுத்துவை விட முடியாது என்றார்கள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

மயிர் என் உடன்பிறந்த தங்கை வள்ளியாத்தாளுடையது. வயது முப்பது. பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். விலாசம் கேட்டார்கள், சொன்னேன். நான் இங்கே வந்தது அவளுக்குத் தெரியாது.

எழுதியதை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. தங்கையின் பெயரை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரிதான் என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. நஞ்சப்பன்