இரண்டு சிவப்புப் போத்தல்கள்

ஓய்வு பெற்றவனுக்குக் காலை ஏழு மணிதான் பெரிய கரைச்சல், ஐயா. எழும்பிக் குளித்து, மடிப்புக் குலையாமல் சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். முப்பத்திரண்டு வருடம் ஒரு பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன். நான் கழுவிய சோதனைக் குழாய்களை வரிசையாக அடுக்கினால், அவற்றின் மேலேயே நடந்து எங்கள் ஊர் தன்னாமுனையிலிருந்து கொழும்புக்குப் போய், தேநீரும் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். விளக்கமாக எழுதித் தரச் சொன்னீர்கள். விளக்கமாகவே எழுதுகிறேன்.

கடைசி வருடத்தில் நிஸ்மியா என்றொரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். ருத்தேனியம் என்கிற உலோகத்தைத் தயோயூரியாவோடு பிணைத்துப் புதுச் சேர்வைகள் செய்வதும், அவை புற்றுநோய்க் கலங்களைக் கொல்கின்றனவா என்று பார்ப்பதும் அவளுடைய வேலை. பன்னிரண்டு செய்தோம். ஏழாவது கடுஞ்சிவப்பு. அதைப் பார்த்தால் அம்மன் கோயில் குங்குமம் வெட்கத்தில் வெளுத்துவிடும். ஒரே நாளில் அது புற்றுநோய்க் கலங்களைத் துடைத்துப் போட்டது. பக்கத்து வரிசையில் இருந்த நல்ல கலங்களையும் துடைத்துப் போட்டது.

"ஐயா, இது நல்லது கெட்டது பாக்காமக் கொல்லுது. கழிவுப் போத்தலில போட்டுருங்க," என்றாள்.

"ஓம் மகள்," என்றேன். போடவில்லை. அவ்வளவு வீரியத்தைக் கழிவில் போட எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெற்றபோது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் என் கூட்டாளிகள் இருவருக்கு வாய்க்குள் புண் வந்தது. வெற்றிலை போட்டுப் போட்டு வந்த புற்றுநோய்ப் புண். சாமித்தம்பி எங்கள் ஊர், வாவியில் வலை போடுகிறவன். முகைதீன்பாவா பக்கத்து ஏறாவூர், தறி வைத்திருந்தவர். இருவருக்கும் இடது கன்னம், ஏறத்தாழ ஒரே அளவு. உலகத்திலுள்ள விஞ்ஞானிகள் எல்லாரும் சேர்ந்து நேர்த்தி வைத்தாலும் இப்படியொரு சோடி அமையாது. வெட்டி எடுத்தால் இருவரும் பிழைப்பார்கள் என்று கிளினிக்கில் சொல்லி, சத்திரசிகிச்சைக்குத் திகதியும் கொடுத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். இதில் நான் எதையும் மறைக்கவில்லை.

வெட்டினால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். பாதி முகம் போய்விடும், வாவிக் கொக்குகள் உங்களைக் கண்டால் பிடித்த மீனையும் போட்டுவிட்டுப் பறக்கும் என்றேன். இருவரும் சிரித்தார்கள். வெட்டாமலே மாற்ற என்னிடம் மருந்து இருக்கிறது என்றதும், இருவரும் கிளினிக் கொப்பிகளை என்னிடம் தந்தார்கள்.

சோதனை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, ஐயா. ஒருவருக்கு மருந்து கொடுத்தால், இன்னொருவருக்கு மருந்து போலத் தெரிகிற வெறும் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நடந்தது மருந்தால் நடந்ததா என்று தெரியும். சாமித்தம்பிக்கு ஏழாம் நம்பர். முகைதீன்பாவாவுக்குப் பீற்றூட் சாறும் சீனியும். ஒரே மாதிரிப் போத்தல், ஒரே சிவப்பு. வேறு மருந்து எதுவும் எடுக்கக்கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கினேன். ஞாயிறுதோறும் புண்ணை அளந்து கொப்பியில் எழுதினேன்.

மூன்றாம் வாரம் சாமித்தம்பியின் கண்கள் மஞ்சளாகிவிட்டன.

"என்ன மச்சான், தொண்டைக்குள்ள நெருப்பக் கொட்டின மாதிரி எரியிது," என்றான்.

"எரிஞ்சாத்தான் வேலை செய்யிது எண்டு அர்த்தம்."

"மறுகா எனக்கு மட்டும் ஏன் சர்பத்து மாதிரி இனிக்கிது?" முகைதீன்பாவாவின் முகம் சுருங்கியது. "அவன் உங்கட ஊரான் எண்டு அவனுக்கு நல்ல சாமான். எனக்குக் கல்யாண வீட்டுத் தண்ணியா?"

"நீ பயந்தாங்கொள்ளி பாவா. உனக்கு அதுவே காணும்," என்றான் சாமித்தம்பி, கன்னத்தைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.

நானும் சிரித்தேன். மாற்றித் தரவில்லை. நடுவில் மாற்றினால் முடிவு குழம்பிவிடும்.

அதன் பிறகுதான் அதிசயம் நடந்தது. சாமித்தம்பியின் மஞ்சள் தெளிந்தது. முகைதீன்பாவா, வெறும் பீற்றூட் குடிக்கிற மனிதர், கருவாடாக வற்றினார். பக்கம் பக்கமாக எழுதினேன். ஏழாம் நம்பர் சாமித்தம்பியின் உடம்புக்குப் பழகிவிட்டது என்று முடிவு கட்டி, அவன் போத்தலில் வீரியத்தை இரட்டிப்பாக்கினேன். இரண்டு கிழமையில் முகைதீன்பாவா மவுத்தானார். சாமித்தம்பி இன்னும் நாலு மாதம் கிடந்தான். புண் கன்னத்தைத் துளைத்துக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கடைசியில் வாயில் ஊற்றிய தண்ணீர் கன்னத்தால் வந்தது.

அவனுடைய முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், அவன் மனைவி ஆச்சிப்பிள்ளை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அண்ணன், இனிச் சொன்னா என்ன. இவருக்கு எரிவு தாங்க ஏலாம, பாவாண்ணனோட போத்திலை மாத்திக்கிட்டார். பாவாண்ணனும் நல்ல மருந்து கிடைச்சிது எண்டு சந்தோசமாக் குடிச்சார். நீங்க ஏசுவீங்க எண்டு ஒவ்வொருக்காவும் ஒளிச்சி மாத்தினாங்க. பாவாண்ணன் போன பிறகு இவர் அதைக் குடிக்காமக் கொட்டிட்டார். நீங்க இவ்வளவு பாடுபட்டும் பலனில்லாமப் போச்சே."

பாதிச் சோற்றில் எழும்பி வீட்டுக்குப் போய்க் கொப்பியைப் புரட்டினேன். ஏழு மாத உழைப்பு, ஐயா. கொப்பியில் ஒரு வரிகூட உதவாது.

ஆனாலும் ஏதாவது தேறுமா என்று கொப்பியை நிஸ்மியாவிடம் கொண்டுபோனேன். நின்றுகொண்டே வாசித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். என் கவனமான வேலை அவள் மனதைத் தொட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் உங்களுக்குத்தான் போன் எடுத்தாள்.

கொலை என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். முகைதீன்பாவாவைக் கொன்றது ஏழாம் நம்பர். சாமித்தம்பியைக் கொன்றது, நான் போகவிடாமல் தடுத்த அந்தக் கிளினிக் திகதி. இரண்டும் என் கையால் நடந்தவை. ஆனால் பிழை என்று பார்த்தால் என்னிடம் ஒன்றுதான்: போத்தல்களை வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருக்கக் கூடாது, இருவரையும் என் கண்முன்னால் குடிக்க வைத்திருக்க வேண்டும்.