ஷெல்பிக்கு ஏற்ற துப்பாக்கி

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். ஜன்னல் பக்கம் இருப்பதில் உட்காருங்கள். ஜன்னல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். திரையை விலக்கினால் வெறும் பலகைதான் தெரியும். எட்டடிப் பலகை.

நீங்கள் காலையில் கொடுத்துவிட்டுப் போன வாக்குமூலத் தாளை மூன்று தடவை படித்துவிட்டேன், டிடெக்டிவ் ராட்லிஃப். கையெழுத்துப் போட முடியாது. முதல் பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'பக்கத்து வீட்டுக்காரர் வெர்னா ஸ்டிட்ஹாம், வயது அறுபத்து நான்கு, மழையினாலும் வேலியினாலும் வந்த ஆளை அடையாளம் காண முடியாமல், நல்லெண்ணத்துடன் தொலைபேசியில் எச்சரித்தார்.' இந்த வரியை யார் எழுதியது? நீங்களா, உங்களோடு வந்த அந்த இளவட்ட டெபுடி போலீஸ்காரனா?

இதே பேச்சு ஊரில் பரவி, பதினோரு நாளாகத் தலை காட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பாதிரியார் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் மிஸ் வெர்னா, உங்களத் தப்பு சொல்ல முடியுமா, கண்ணு தெரியலன்னா என்ன பண்ணுவீங்க" என்று சொல்லி, கண் டாக்டர் நம்பர் எழுதிய சீட்டை உள்ளங்கையில் திணித்தாள். அவள் வீட்டுக்காரர் வியாழக்கிழமை மத்தியானங்களில் காரை எந்தத் தெருவில் நிறுத்துகிறார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் வந்து என் கண்ணைப் பற்றிப் பேசுகிறாள்.

நடந்தது ஊருக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு, மர ஆலையில் வேலை பார்க்கும் டிராவிஸ் காடில், தன் வீட்டுப் பின்கதவைத் திறந்தான். உள்ளே இருந்த மனைவி ஷெல்பி திருடன் என்று நினைத்துச் சுட்டாள். அவன் செத்துப்போனான். ஷெல்பி வேண்டுமென்று சுட்டிருப்பாளோ என்று உங்களில் சிலருக்குச் சந்தேகம் என்று கேள்விப்பட்டேன். அது வீண் சந்தேகம். அந்தப் பெண்ணுக்கு எதையும் வேண்டுமென்று செய்யத் தெரியாது. காலையில் எந்த மேஜோடு போடுவது என்பதற்கே யாராவது வழி சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கியையும் நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அங்கிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

இல்லை, வேலியிலிருந்து சொல்கிறேன்.

அவர்கள் இந்தத் தெருவுக்கு வந்து ஆறு வருஷம். என் சமையலறை ஜன்னலும் அவள் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். சோளரொட்டி தீயும்போது அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனவளை மூன்று தடவை போன் பண்ணித் திருப்பி வரவழைத்திருக்கிறேன். அதற்கெல்லாம் நன்றி சொன்னார்கள். போன மார்ச்சில் அவள் ஜன்னலோரம் நின்று ஒரு சின்னக் குச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். நல்ல சேதிதானே? நாலு பேரிடம் சொன்னேன். டிராவிஸின் அம்மாவுக்கு அவன் சொல்வதற்கு முன்னால் முடிவெட்டும் கடையில் வைத்துத் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்தில் அந்தக் கரு நிற்கவில்லை. அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஷெல்பியைப் பார்க்கிறவர்களெல்லாம் "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார்களாம். கேட்டது அவர்கள். நான் கேட்கவில்லை.

சர்ச் விருந்தன்று நாற்பது பேருக்கு நடுவில், தட்டில் கோழியை வைத்துக்கொண்டு டிராவிஸ் சொன்னான்.

"நம்ம கவுண்டியில ஷெரீஃப் ஆபீஸே வேணாம்ப்பா. மிஸ் வெர்னா ஒரு ஆளு போதும். சம்பளம்கூட வேணாம், ஒரு ஜன்னல் குடுத்தா போதும்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். யார் யார் வாயைத் திறந்து சிரித்தார்கள், யார் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள் என்பதுகூட இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அடுத்த சனிக்கிழமை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பம் நடக் குழி தோண்ட ஆரம்பித்தான்.

"என்னப்பா கட்டற?" என்றேன்.

"உங்க கண்ணுக்கு ஓய்வு, மிஸ் வெர்னா," என்றான். வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

வேலியை ஆறடியில் நிறுத்தியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். எனக்கு ஸ்டூல் போட்டு ஏறும் பழக்கம் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எட்டடியாக்கினான். அன்று சாயங்காலம் அவர்களுக்கென்று செய்து வைத்திருந்த பீன்ஸ் கேசரோலைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பாத்திரத்தோடு. அது என் அம்மா பாத்திரம். அவ்வளவுதான் என் கோபம். அதற்கப்புறம் நான் மிகவும் நிதானமாக இருந்தேன்.

வேலி போட்டால் பேச்சு நின்றுபோகுமா? ஷெல்பி தினமும் தபால் எடுக்க வெளியே வருவாள். மில் தெருவில் இரண்டு வீட்டில் பூட்டை உடைத்திருந்தார்கள், அது உண்மை. நான் சொன்னேன். "முன்னாடியெல்லாம் உன் பின்வாசல் என் கண்ணுல இருந்துச்சு கண்ணு. இப்ப எவன் வந்து நின்னாலும் எனக்கே தெரியாதே." இதுவும் உண்மை. கோடையில் சந்தில் ஒருவன் நடந்ததைச் சொன்னேன், நடந்தான்தான், மின்மீட்டர் பார்க்க வந்தவன். ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டவில்லை. செப்டம்பரில் அவள் பகலிலேயே திரையை இழுத்துவிட ஆரம்பித்தாள். அக்டோபரில் அவளாகவே கேட்டாள், "மிஸ் வெர்னா, கடைக்கு என்கூட வர்றீங்களா? அவருக்கு மான் சுடற துப்பாக்கிதான் தெரியும். கைப்பையில வைக்கறதப் பத்தி ஒண்ணும் தெரியாது."

எனக்கும் தெரியாது. ஆனால் நான் விசாரித்துக்கொண்டுதான் போனேன். எதையும் விசாரிக்காமல் செய்கிறவள் இல்லை நான்.

கடை வைத்திருக்கும் ஹாலிஸ் நல்ல மனிதர், விற்கத் தெரியாதவர். கண்ணாடி மேஜைமேல் நான்கைந்தை வரிசையாக வைத்தார். ஷெல்பி கை நேராக ஒரு குட்டித் துப்பாக்கிக்குப் போனது, இருபத்திரண்டு காலிபர்.

"இது அழகா இருக்கு. சத்தமும் கம்மின்னு சொல்றாங்க. சும்மா பயமுறுத்தத்தானே?" என்றாள்.

"பயமுறுத்தறதுக்கு உன் வாணலி போதுமே," என்றேன் நான்.

ஹாலிஸ் சிரித்தார். "அம்மா சொல்றது சரிதான் மேடம். எடுத்தா சுடறதுக்குத்தான் எடுக்கணும். ஆனா என்னைக் கேட்டா இந்த ஒன்பது மில்லிமீட்டர் எடுத்துக்குங்க. கொஞ்சம் கனம் இருக்கும். கனம் இருந்தா கையில உதைக்காது. தோட்டா எல்லாக் கடையிலயும் கிடைக்கும். வாராவாரம் வந்து சுட்டுப் பழகுவீங்க."

தோட்டா ஏற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும், ஷெல்பியால் முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஹாலிஸ் விடவில்லை. "அது பழக்கந்தான், ரெண்டு வாரத்துல வந்துடும்" என்று இழுக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். வந்தும் இருக்கும். நான்தான் பக்கத்தில் இருந்ததைக் கையில் எடுத்தேன். ஐந்து தோட்டா போடும் சின்ன ரிவால்வர், முப்பத்தெட்டு காலிபர். இறகு மாதிரி இருந்தது.

"அது லேசு," என்றார் ஹாலிஸ். "லேசா இருக்கறது உள்ளங்கையில அறைஞ்ச மாதிரி உதைக்கும். பழகவே பிடிக்காது. நிறைய பொம்பளைங்க ஒரு தடவை சுட்டுட்டுத் திரும்பத் தொடறதே இல்ல."

"ஆனா கனமா இருக்கறத வீட்டு அலமாரியில வச்சுட்டுப் போயிடுவா. இது உடம்போட இருக்கும்," என்றேன். அதை ஷெல்பி கையில் வைத்தேன்.

ஷெல்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல தவறி வெடிக்காம தடுக்கற பித்தான் எங்க இருக்கு?"

"இதுல கிடையாது மேடம். விசைய இழுத்தா வெடிக்கும், அவ்ளோதான். பித்தான் வேணும்னா வேற காட்டறேன்."

"வேண்டாம்," என்றேன் நான். அவளுக்காகத்தான் சொன்னேன். பித்தான் இருந்தால் அதைத் தேட ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் ஷெல்பி யோசிப்பாள். யோசிப்பது அவளுக்கு ஒத்துவராது.

தோட்டாவையும் நான்தான் சொன்னேன். முனையில் குழி விட்டது. உடம்புக்குள் போனதும் விரிந்துகொள்ளும், சுவரைத் துளைத்து வெளியே போகாது, அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து இல்லை என்று ஹாலிஸ் விளக்கினார். நான் அக்கம்பக்கம்தானே.

பிறகு தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு. நானும் துணைக்குப் போய் உட்கார்ந்தேன். பயிற்சி கொடுத்தவர் பழைய ராணுவக்காரர். "எதிர்ல நிக்கறது யாருன்னு கண்ணால பார்க்காம விரல விசை மேல வைக்காதீங்க" என்றார். ஷெல்பி நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள். "வீட்டு ஆளுங்க எதிர்பாராத நேரத்துல வந்தா தெரியறதுக்கு ஒரு அடையாளம் வச்சுக்குங்க" என்றும் சொன்னார். வீட்டில் ஷெல்பி சொன்னதும் டிராவிஸ் அதைக் கேட்டு, "அப்ப சீக்கிரம் வந்தா வண்டி ஹாரனை ரெண்டு தடவை அடிக்கறேன். உயிர் மேல ஆசை இருக்கு தாயே" என்று கும்பிட்டுக் காட்டினானாம். ஷெல்பி சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதன்படியே நடந்தான், அதையும் சொல்ல வேண்டும். சந்து முனையிலேயே இரண்டு ஹாரன். நவம்பர் முழுக்கக் கேட்டேன். ஷெல்பி அடுப்படியில்கூடத் துப்பாக்கியை இடுப்பில் செருகியிருந்தாள். கைப்பை ஆணியில் தொங்கினால் என்ன பிரயோஜனம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஹாலிஸ் சொன்ன மாதிரியே ஒரு தடவை சுட்டுக் கை வலித்து, பழகப் போவதை நிறுத்திவிட்டாள். "தேவைப்பட்டா கை தானா வரும்" என்றேன். நோட்டில் இரண்டு கோடு போட்டதைப் பற்றிக் கேட்டாள். "அதெல்லாம் வகுப்புல நல்லாருக்கும் கண்ணு. உள்ள வந்தவன் நின்னு பேரு சொல்லிட்டு இருப்பானா?" என்றேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு இழுவை வண்டி வந்து டிராவிஸின் டிரக்கை இழுத்துக்கொண்டு போனது. பிரேக் கோளாறு. அவன் யாரோ ஆலைக்காரனின் காரில் வேலைக்குப் போனான். டிரக் இல்லை என்றால் ஹாரனும் இல்லை. அது அவனுக்குத் தோன்றவில்லை. ஷெல்பிக்கும் தோன்றவில்லை. எனக்குக் காபி குடிக்கும்போதே தோன்றியது. போய்ச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போக வேண்டும், மழை வேறு.

வேலி வந்ததிலிருந்து மாடிக் குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறினால்தான் பின்சந்து தெரிகிறது. இந்த வயதில், இந்த முழங்காலோடு. பதினொன்றரைக்கு ஏறினேன். சந்து முனையில் ஒரு கார் நின்று ஓர் ஆளை இறக்கிவிட்டுப் போனது. மழைத்தொப்பியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மரக்கட்டை விழுந்து அடிபட்ட தோள். எனக்கு முகம் எதற்கு? இந்தத் தெருவில் யாரையும் முதுகைப் பார்த்தே சொல்வேன். ஆலையில் மின்சாரம் போய்ச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள் என்பது மட்டும்தான் பிறகு தெரிந்தது.

போன் கையில் இருந்தது.

"ஷெல்பி, பின்சந்துல ஒருத்தன் வர்றான்."

"யாரு?"

"தலைய மூடியிருக்கான். ஜாக்கெட்டுக்குள்ள எதையோ மறைச்சுப் பிடிச்சிருக்கான்."

"மிஸ் வெர்னா, ஒருவேளை டிராவிஸா இருக்குமோ?"

"ஹாரன் கேட்டுச்சா?"

"இல்லையே."

"அப்பறம்?"

இதில் எது பொய் என்று சொல்லுங்கள். தாளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

"லைன்லயே இருங்க" என்றாள். இருந்தேன். கதவுக் குமிழ் திரும்பும் சத்தம்கூடக் கேட்டது. இரண்டு தடவை சுட்டாள். ஹாலிஸிடம் சொல்லுங்கள், சரக்கு நன்றாக வேலை செய்தது.

நீங்கள் முதல் நாள் வந்தபோது ஒன்று சொன்னீர்கள். அவன் ஜாக்கெட்டுக்குள் காகிதப் பையில் இரண்டு கீலும் ஒரு கொண்டியும் இருந்தன, வேலியில் சின்னக் கதவு வைக்கப் போகிறான், நான் வந்துபோக வசதியாக இருக்கும் என்று ஷெல்பிதான் மாதக்கணக்கில் கெஞ்சி அவனைச் சம்மதிக்கவைத்தாள் என்று. நான் அதை நம்பவில்லை. அவன் கொட்டகைக் கதவு ரொம்ப நாளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் இருக்கும். அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

பேனாவைக் கொடுங்கள். 'அடையாளம் காண முடியாமல்' என்பதை அடிக்கிறேன். 'பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தும்' என்று மேலே எழுதுகிறேன். 'நல்லெண்ணத்துடன்' என்பது இருக்கட்டும். வம்புக்காரி என்று என்னைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஆறு வருஷத்தில் யாரைப் பற்றிப் பேசினாலும் பெயரைச் சொல்லித்தான் பேசியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது அன்று ஒரே ஒரு தடவை. அதைப் போய் என் கண்மேல் போடுகிறீர்கள்.

இதோ, கையெழுத்து. இனி ஷெல்பியைக் காவலில் வைத்திருக்க உங்களுக்குக் காரணம் இல்லை. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் யாரையாவது விட்டு அந்தப் பலகைகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். தனியாக இருக்கப்போகிற பெண். பக்கத்தில் நான் ஒருத்தி பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாமா?