பாப்பா பேரில் விட்ட சேவல்

“மரநாய் சேவலத் தூக்கிட்டுப் போயிருச்சு. இனி நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

எழுபதுகளில் ஒரு காலை, புக்கிட் பாத்தோக்கிலிருந்து மருத்துவமனைப் பக்கம் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள். அவள் மடியில் ஒரு குழந்தை காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தது.

“எந்தச் சேவல்?”

“பாப்பா பேருல முனீஸ்வரனுக்கு நேந்து விட்டது.”

“கெட்ட சகுனம்லா! நேத்துதானே கூண்டுக்குப் புதுக் கம்பிவலை அடிச்சேன். எப்படி உள்ள வந்துச்சு?”

“கதவ நான்தான் திறந்து வச்சேன்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“கத்தாதீங்க. உயிருக்கு உயிரு சாமியே எடுத்துக்கிட்டாரு. இனிமே போயி ஊசி போட்டா அவருக்குக் கோவம் வரும். மணிய அடிங்க, வீட்டுக்குப் போவோம்.”

அவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து மணியை அடித்தார். மருத்துவமனைக்கு இன்னும் இரண்டே நிறுத்தங்கள்.

அந்த மருத்துவமனையில்தான் நான் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். குழந்தைக்கு மூச்சு இழுப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச்சு வளர்ந்து அவர்களோடு இறங்க நேர்ந்தால் வேலைக்கு நேரமாகிவிடும் என்று நினைத்தேன். அவர்கள் இறங்குவதற்காக, நடைவழியில் நீட்டியிருந்த கால்களை ஒதுக்கி வழிவிட்டேன்.