ஒரே கோட்டில் ஏன் துரு?

மேடையில் வீற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவரே, அவர் மகளே, வேலை உடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே! கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

நான் தொட்டிக்காரன். உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பவன். ஒலிபெருக்கி முன்னால் நின்று பழக்கமில்லை.

நம் தரச் சோதனைக்கூடத் தலைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் நம்மில் யார்? ஒருவருமில்லை! நமக்கு அவர் 'ஏன் அக்கா'. விளக்குக் கம்பமோ, பாலத்துக் கைப்பிடியோ, வாளியோ, எதைப் பார்த்தாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் 'ஏன்'.

துத்தநாகம் தன்னைத் தியாகம் செய்து இரும்பைக் காப்பதுபோல அக்கா வாழ்ந்தார் என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். அக்கா கேட்டிருந்தால் சும்மா விட்டிருப்பாரா? "தியாகமாவது ஒண்ணாவது! ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஈரத்துல இருந்தா துத்தநாகம்தான் முதல்ல கரையும். அதனாலதான் கீறல் விழுந்தாலும் இரும்பு தப்பிக்குது. அதுக்கு வேற வேலை தெரியாதுப்பா" என்றிருப்பார்.

நாலு வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. நாம் துத்தநாகம் பூசி அனுப்பிய ஜி.ஐ. கூரைத் தகடு ஒரே வருடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அதைத் தொட்டியில் முக்கி எடுத்தவன் யார்? நான்! விசாரணை முடியும்வரை என்னைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. வீட்டில் சொல்லாமல் மறைத்தேன்.

அக்காவிடம் போய், "நான் தப்புப் பண்ணலக்கா" என்றேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தாத்தான் தெரியும். ஏணியப் பிடிக்க வா" என்றார்.

ஐம்பத்து மூன்று வயதில் அந்தக் கூரைமேல் ஏறினார். கீழே நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து அவர் குரல் மட்டும் உற்சாகமாக வந்தது. "தம்பி! பூச்சு சரியில்லன்னா தகடு பூரா துருப்பிடிக்கணும்ல? இங்க ஒரே கோட்டுலதான் இருக்கு. ஏன்?"

கோட்டின் தலைமாட்டில் வெந்நீர் கொண்டுபோகும் செம்புக் குழாய். அதன் இணைப்பில் கசிவு. சொட்டிய தண்ணீர் தகட்டில் ஓடிய தடம்தான் அந்தத் துரு.

அதோடு விட்டாரா? ஒரே அடுக்கிலிருந்து இரண்டு துண்டுத் தகடுகளை எடுத்தார். ஒன்றின் மேல் வெறும் தண்ணீரைச் சொட்டவிட்டார். மற்றதன் மேல் செம்புக் குழாய் வழியாக வந்த தண்ணீரை. ஆறாவது வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் துண்டு லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் சிவப்பாகத் துரு! தண்ணீரில் கரைந்து வந்த துளிச் செம்பு போதும், துத்தநாகத்தைத் தின்றுவிடும் என்றார். மறுநாள் நான் தொட்டிக்குத் திரும்பினேன்.

அக்கா என் பக்கம் நின்றார் என்று அப்போது நினைத்தேன். இல்லை தோழர்களே! அடுத்த வருடம் ஒரு கம்பிவேலியில் பூச்சு உரிந்து வந்தது. அவசரத்தில் நான் இரும்பைச் சரியாகக் கழுவாமல் முக்கியிருந்தேன். "அன்னைக்கு உன் மேல தப்பு இல்ல, இன்னைக்கு இருக்கு" என்று சொல்லி அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்குக் கோபம் வந்ததா? வந்தது! இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "எவ்வளவு நேரம் கழுவினா ஒட்டும், வா பார்க்கலாம்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் பார்த்தேன். மூச்சு வாங்கியது. அப்போதும், "தம்பி, இந்தக் கட்டில் கால் எல்லாம் அடியில மட்டும் துரு. தரை துடைக்கிற தண்ணியில என்ன கலக்கறாங்கன்னு கேட்டுட்டு வா" என்றார். துடைப்பவர் வேலை முடிந்து போயிருந்தார். மறுநாள் காலையில் அவரைப் பிடித்துக் கேட்டுவிட்டு ஓடினேன். அக்காவின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா, பிளீச்சிங் பவுடராம்.

ஆனால் யாரோ சொன்னதை நீங்கள் அப்படியே நம்பியிருப்பீர்களா? மேலாளர் அவர்களே, அக்கா இல்லை என்று சோதனைக்கூடத்தைப் பூட்டிவிடாதீர்கள் என்று எல்லோர் சார்பிலும் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை அந்தக் கட்டில் கால் போன்ற இரண்டு துண்டு இரும்புக் குழாய்களை அங்கே நனைய வைக்கப் போகிறேன். ஒன்று வெறும் தண்ணீரில், மற்றது பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில். எது முதலில் துருப்பிடிக்கிறது என்று நீங்களும் வந்து பாருங்கள்.